ரீகிளெய்ம் ரப்பர்: 'மீள் ரப்பர்' வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய டயரிலிருந்து எடுக்கும் ரீகிளெய்ம் ரப்பருக்குத் தமிழ்ச் சொல்லாக 'மீள் ரப்பர்' என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. மீள்தன்மை என்றால் இழுத்து விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் குணம் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம், ரீகிளெய்ம் செய்த சரக்கோ அந்தக் குணத்தைப் பெரும்பாலும் இழந்து, இளகி, உருளைகளுக்கு நடுவே தகடாக இறங்குவது. பெயரே பொருளுக்கு நேரெதிராகப் போய்விடும்.

'மறுசுழற்சி ரப்பர்' பொதுச்சொல்லாக இருக்கட்டும். ஆனால் கிரம்ப்பையும் ரீகிளெய்மையும் அதற்குள் ஒன்றாகப் போட்டால் கலவை போடுகிறவருக்கு உதவாது. டயரை நறுக்கி அரைத்து, கம்பியைக் காந்தத்தாலும் நூலிழையைக் காற்றாலும் பிரித்தால் கிடைப்பது கிரம்ப். அதில் ரப்பரின் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் கந்தகப் பிணைப்பு அப்படியே இருக்கும், அதனால் புது ரப்பரில் கலந்தாலும் கரையாமல் துகளாகவே உட்கார்ந்திருக்கும், இழுத்தால் பெரும்பாலும் அந்தத் துகளின் ஓரத்தில்தான் கிழியத் தொடங்கும். இதற்கு 'ரப்பர் குருணை' போதும், அரிசிக் குருணை தெரியாதவர் யார்? சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு 30 கண் என்றால் '30 கண் குருணை' என்று அளவையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

இந்தக் குருணையோடு எண்ணெயும் வேதிப்பொருளும் சேர்த்து நீராவி அழுத்தத்தில் வேகவைத்து, பிறகு உருளைகளில் தேய்த்து எடுத்தால் ரீகிளெய்ம். கந்தகப் பிணைப்போடு ரப்பரின் நீண்ட சங்கிலியும் அறுபடுவதால் வலு குறையும், ஆகவே புது டயரில் கொஞ்சமாகவும் கால்மிதி போன்றவற்றில் தாராளமாகவும் சேர்ப்பார்கள். டயரில் ஏற்கெனவே கலந்திருந்த கார்பன் கரி உள்ளேயே இருப்பதால் கலக்கும் நேரமும் மின்சாரமும் மிச்சம். நடந்த வேலையையே பெயராக்கி 'இளக்கிய ரப்பர்' என்கிறேன்.

டிவல்கனைசேஷன் இன்னும் நுட்பமானது: ரப்பரின் கார்பன் சங்கிலியைத் தொடாமல் கந்தகப் பிணைப்பை மட்டும் அறுப்பதுதான் குறி, நடைமுறையில் சங்கிலியும் ஓரளவு அறுபடத்தான் செய்கிறது. அதற்குக் 'கட்டவிழ்ப்பு'. ஆனால் ரப்பரில் அந்தக் கந்தகப் பிணைப்பை உண்டாக்கும் வல்கனைசேஷனின் பெயரை மாற்ற வேண்டாம். ரோமானியரின் தீக்கடவுள் வல்கன் பெயரில் வந்த சொல், பஞ்சர் கடைப் பலகை வரை 'வல்கனைசிங்' என்று ஊருக்குள் பழகிவிட்டது.

இந்தியாவில் 2022இல் வந்த கழிவு டயர் விதிகளில் ரீகிளெய்மும் கிரம்ப்பும் தனித்தனிப் பொருள்களாகவே கணக்காகின்றன. நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் சிறு ஆலைக்காரர் எதை எந்தக் கணக்கில் எழுதுவார்?

ஒரே இடத்தில் இடிக்கும். இன்னும் வல்கனைஸ் செய்யாத பச்சை ரப்பரை உருளையில் போட்டு இளக்கும் மாஸ்டிகேஷனையும் சிலர் 'இளக்குதல்' என்று எழுதக்கூடும். அதற்குப் 'பிசைதல்' என்று தனியாக வைத்துவிட்டால் சிக்கல் தீரும் என்று நினைக்கிறேன். ரப்பர் ஆலையில் வேலை பார்ப்பவர்கள் இங்கே இருந்தால், தளத்தில் இதை என்னவென்று சொல்கிறார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.