சிமுலேஷன், எமுலேஷன்: தொழிற்பயிற்சிக் குறிப்புகளுக்கு இரண்டு சொற்கள்

வணக்கம்.

ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான வலையமைப்புக் குறிப்புகளில் சிமுலேஷன், எமுலேஷன் இரண்டையும் ‘உருவகப்படுத்துதல்’ என்றே எழுதினால் லேபில் குழப்பம்தான். சிஸ்கோவின் வலையமைப்புப் பயிற்சி மென்பொருளான பாக்கெட் டிரேசர் முதல் வகை. சிஸ்கோ கருவிகளின் நடத்தையை மட்டும் போலச் செய்கிறது. அதில் சேர்க்காத கட்டளையைக் கொடுத்தால் ஏற்காது; தட்டச்சுப் பிழை என்று நினைத்து மாணவர் திரும்பத் திரும்ப அடிப்பார். இரண்டாம் வகை மென்பொருளான ஜிஎன்எஸ்3-இல் ரவுட்டரின் சொந்த இயங்குதளமே உள்ளே ஓடும். அதனால் ரேம் நிறையத் தின்னும். பழைய கணினிகளில் எதை நிறுவுவது என்பதே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சிமுலேஷனுக்கு ‘பாவனை’ வேண்டாம். இலங்கையில் அது பயன்பாடு. பாவனையாளர் என்றால் பயனர். ‘போலச்செயலி’ என்றால் மோசடி ஆப்தான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு: சிமுலேஷன் – ஒப்பியக்கம், எமுலேஷன் – ஈடியக்கம். ‘ஒப்பியக்கிப் பார்’ என்று வினையாகவும் வளையும்.

---

> சிமுலேஷன் – ஒப்பியக்கம்

நல்ல சொல் ஐயா. கருவிக்கு மட்டும் ‘ஒப்பியக்கி’ வேண்டாம். ‘இயக்கி’யை டிரைவர் மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டோம். ‘ஒப்பியக்க மென்பொருள்’ போதும்.

இன்னொரு சிக்கல். பாக்கெட் டிரேசரின் வலது கீழ் மூலையில் ரியல்டைம், சிமுலேஷன் என்று இரு பொத்தான்கள். இரண்டுமே ஒப்பியக்கம்தான்! பின்னதை அழுத்தினால் ஓட்டம் நின்று, பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) உறைகளாக ஒவ்வொரு கருவியாக நகரும். முதல் பிங் (இணைப்புச் சோதனை) ஏன் தவறுகிறது, ஏஆர்பி கேள்வி (‘இந்த ஐபி முகவரி யாருடையது?’) எப்படி முந்திப் போகிறது என்பதெல்லாம் அங்கே கண்ணுக்குத் தெரியும். பாடத்தின் உயிரே அதுதான். அதற்கு ‘நிறுத்திப்பார் நிலை’ என்று தனிப்பெயர் தரலாம்.

வரையறையில் எல்லையும் வேண்டும். கேபிளைச் சொருகியதும் சுவிட்ச் விளக்கு 30 வினாடி ஆரஞ்சில் நிற்பதை ஒப்பியக்கம் காட்டும் (சுழல் தடுக்கும் எஸ்டிபி நெறிமுறை: கேட்க 15, கற்க 15). கிரிம்பிங் (கேபிள் முனையில் பிளக்கைப் பொருத்துவது) பிழையைக் காட்டாது. டி568பி என்ற கம்பி நிற வரிசையில் 4ஆவது நீலம், 6ஆவது பச்சை. இரு முனையிலும் இவற்றை மாற்றிப் போட்டால் சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஒன்றாக முறுக்கிய கம்பி ஜோடி பிரிந்ததால் வேகம் கூடும்போது இணைப்பு தடுமாறும். ‘கம்பி, முனை, மின்சாரம் சார்ந்த பழுதுகள் ஒப்பியக்கத்தில் தோன்றா’ என்ற வரியோடுதான் சொல்லைப் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

ஈடியக்கத்துக்கு என் ஒப்புதல் உண்டு.