தாத்தாவின் ஓவியப் பள்ளிக் காகிதங்கள்: லேமினேட் செய்யலாமா?

குடியாத்தம் பேரன்:
என் தாத்தா 1950களில் சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, வேலூரில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். பரணில் இருந்த அவருடைய தகரப் பெட்டியில் அந்தப் பள்ளியின் அன்றைய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி கையெழுத்திட்ட சான்றிதழும் சில கடிதங்களும் கிடைத்தன. மெரினாவில் உழைப்பாளர் சிலை வடித்தவரின் கையெழுத்து! நீல மை இன்னும் மங்கவில்லை. ஆனால் குண்டூசி துருப்பிடித்து, அது குத்தியிருந்த இரண்டு தாள்களிலும் பழுப்பு வட்டம் விழுந்துவிட்டது. லேமினேட் செய்துவிடு என்கிறார் மாமா. செய்யலாமா?

காட்பாடி அக்கா:
ஐயோ, வேண்டாம் தம்பி! சூடுபட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் கூடாது. குண்டூசி வராவிட்டால் இழுக்காதீர்கள், காகிதம் கிழியும். முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். நம்ம ஊர் வெயிலில் அங்கே காகிதம் அப்பளம் மாதிரி நொறுங்கும். அமிலமில்லாத காகித உறையில் தனித்தனியாக வையுங்கள். பெட்டியில் இருந்த வரிசையைக் கலைக்க வேண்டாம், அதுவும் ஒரு தகவல்தான்.

ஆற்காடு வாசகர்:
அந்தப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர். ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாக வழிசெய்தார். அதிகாரிகளின் கோப்பு அரசிடம் இருக்கும். மாணவர் வைத்திருந்த தாள் வீட்டில்தான் இருக்கும். அதனால் இவற்றைப் பாதுகாப்பது பற்றி சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

குடியாத்தம் பேரன்:
நன்றி அக்கா, நன்றி ஐயா. பெட்டியை இறக்கிவிட்டேன். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். உறை வேலூரில் எந்தக் கடையில் கிடைக்கும்?