ஃபேனை நிறுத்திய இரவில் கேட்ட சத்தம்

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து:
2022 டிசம்பர், மாண்டஸ் புயல் வந்த கிழமை. இலங்கையின் வடக்கு கிழக்கில் வெளியில் நின்ற மாடுகள் விறைத்துச் செத்த அதே குளிர். அந்த வருசத்தில் முதல் தடவையாக ஃபேன் போடாமல் படுத்தோம். இரவு இரண்டு மணிக்குச் சுவருக்குள் 'டக் டக் டக்'. கொஞ்சம் நிற்கும், மறுகாவும் தொடங்கும். அம்மா எழும்பிச் சாமியறையில் விளக்கேற்றிவிட்டா. நான் ரோச் லைற்றுடன் வீட்டைச் சுற்றினேன். ஒரு பூனைகூட இல்லை.

கனடாவில் இருக்கிற மச்சாளிடம் சொன்னால், "ஐயோ, பைப் உறைஞ்சிட்டுது, கெதியாத் திறந்து விடுங்க" என்று பதறினா. தண்ணீர் உறைய 0 பாகைக்கு இறங்க வேண்டும். நாமோ 20க்குக் கிட்டப் போனாலே போர்வை தேடுகிற ஆட்கள்.

பைப் வேலை செய்கிற அண்ணன் வந்து தாங்கி மூடியைத் திறந்து காட்டினார். தாங்கி நிறையப் போகும் நேரம் அலையில் மிதவை ஆடுகிறது. அதோடு சேர்ந்த பந்து வால்வு, அதாவது தாங்கி நிறைந்தால் தண்ணீரை அடைக்கிற வால்வு, மூடித் திறந்து, மூடித் திறந்து அடிக்கிறது. அந்த அடி பைப் வழியே இறங்கி, கிளிப் கழன்ற இடத்தில் சுவரில் மோதுகிறது. இரவில் ஊரே தூங்குவதால் லைனில் அழுத்தமும் கூட. கிளிப் ஆணி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. கடற்காற்று எதைத்தான் விட்டது! இரண்டு புதுக் கிளிப், பைப்புக்கும் சுவருக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு, மீற்றரடி வால்வில் கொஞ்சம் இறுக்கம். அரை மணித்தியால வேலை.

"இது கனகாலமா அடிச்சிருக்கும் தம்பி, ஃபேன் சத்தத்தில உங்களுக்குக் கேட்டிருக்காது" என்றார்.

அக்கரைப்பற்றிலிருந்து:
எங்களுக்குக் கிணற்று மோட்டர். நிறுத்தின உடனே 'டொம்'. மேலே ஏறின தண்ணீர் திரும்பி விழுந்து ஒருவழி வால்வை அறைகிற சத்தம். உம்மா ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுவா. ஸ்பிரிங் வால்வு போட்ட பிறகு குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அதற்குள் பிவிசி மூட்டு ஒன்று கழன்று முற்றம் குளமாகிவிட்டது. சத்தத்தைச் சும்மா விடாதீங்க.

டொரண்டோவிலிருந்து, ஊர் களுவாஞ்சிக்குடி:
மச்சாளைக் கேலி செய்யாதீங்க! இங்கே -20இல் அது உண்மையான பயம். ஆனால் 'டிக் டிக்' என்றால் நான் திரும்பிப் படுத்துவிடுவேன். 10 மீற்றர் செப்புக் குழாய், சுடுதண்ணீர் ஓடி 60 பாகை கூடினால் 1 சென்ரிமீற்றர் நீளும். மரச்சட்டத்தில் உரசுகிற சத்தம் அது. பைப் வாயைத் திறந்தும் தண்ணீர் நூல் போல வந்தால்தான் வயிறு கலங்கும். உறைகிற தண்ணீர் 9 வீதம் அளவுக்குப் பருக்கும். பனிக்கட்டிக்கும் மூடின பைப் வாய்க்கும் நடுவே மாட்டுப்பட்ட தண்ணீர்தான் குழாயை வெடிக்க வைக்கும். எனக்கு வெளிச்சுவரோரக் குசினியில் ஒருமுறை நடந்தது. பைப் வாயைத் திறந்து வைத்துவிட்டு, தலைமயிர் உலர்த்தியை அந்த வாய்ப் பக்கமிருந்து குழாய் வழியே பின்னோக்கி முக்கால் மணித்தியாலம் பிடித்தேன். நெருப்பு மட்டும் காட்டிவிடாதீங்க.

கல்லடி:
இதை மச்சாளுக்கு அனுப்பிவிட்டேன். சுவரில் இப்போது சத்தம் இல்லை. அம்மா மட்டும் இன்னும் இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை.