பேட்டரியைக் கழற்றியும் பயாஸ் பாஸ்வேர்டு போகவில்லை: மதர்போர்டை முழுதாகத் துடைப்பது எப்படி?

நீலத்திரை:
வணக்கம். அலுவலகத்தின் பழைய டெஸ்க்டாப்புகளை வெளியே கொடுக்கப் போகிறோம். எல்லாமே டெல் ஆப்டிபிளெக்ஸ், வீபுரோ (நிறுவனங்களுக்கான இன்டெலின் மேலாண்மை வசதி) உள்ளவை. டிஸ்க்குகளைக் கழற்றி எடுத்தாயிற்று. மதர்போர்டிலும் எங்கள் தகவல் எதுவும் தங்கக்கூடாது என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். பவர் கேபிளை உருவி, சிஆர்2032 பேட்டரியையும் இரவு முழுக்கக் கழற்றி வைத்தேன். தேதியும் நேரமும் போய்விட்டன, ஆனால் பயாஸ் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் போர்டு மென்பொருள்) அட்மின் பாஸ்வேர்டை இன்னும் கேட்கிறது. அதை வைத்தவர் இப்போது வேலையில் இல்லை. பேட்டரி இல்லாமல் இது எங்கே தங்குகிறது?

கம்பிமுனை:
அந்த பேட்டரி காப்பாற்றுவது கடிகாரத்தையும் அதோடு ஒட்டிய சிமாஸ் நினைவகத்தையும்தான். இன்டெல் சிப்செட்டில் அது வெறும் 256 பைட். பழைய வகை பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்தபிறகு பாஸ்வேர்டு, பூட் வரிசை, செக்யூர் பூட் சாவிகள் (நம்பகமான மென்பொருள்தான் பூட் ஆகிறதா என்று சரிபார்ப்பவை) எல்லாம் போர்டில் உள்ள எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்புக்குப் போய்விட்டன. ஃபிளாஷில் எழுதியது நிற்க மின்சாரமே தேவையில்லை. பேட்டரியை எத்தனை நாள் கழற்றி வைத்தாலும் இருக்கும்.

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாஸ்வேர்டு ஜம்பர் (சிறு மூடி போட்டு இணைக்கும் பின்கள்) எங்கே என்று பாருங்கள். பெரும்பாலான ஆப்டிபிளெக்ஸ் போர்டுகளில் 'பிஎஸ்டபிள்யூடி' என்று அச்சிட்டிருக்கும். கேபிளை உருவிவிட்டு ஜம்பர் மூடியை எடுங்கள், ஒருமுறை பூட் செய்யுங்கள், அணைத்துவிட்டு மூடியைத் திரும்பப் போடுங்கள். பக்கத்திலேயே சிமாஸ் அழிக்கும் ஜம்பரும் இருக்கும். இரண்டும் வேறு வேறு.

சர்வர்அறை:
பாஸ்வேர்டு போனதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வீபுரோ என்றால் எனக்கு முதல் கவலை அதில் உள்ள ஏஎம்டி என்ற இன்டெலின் தொலைமேலாண்மை அமைப்புதான். தொலைவிலிருந்து மேலாண்மை செய்ய அமைத்திருந்தால் ஹோஸ்ட் பெயர், சான்றிதழ்கள், சில சமயம் வைஃபை விவரம்கூட அதில் இருக்கும். பயாஸில் டிஃபால்ட் ஏற்றுவதால் மட்டும் அது போய்விடும் என்று நம்ப முடியாது. ஏஎம்டியை அமைக்கும் எம்இபிஎக்ஸ் மெனுவுக்குள் போய் முழு அன்புரொவிஷன் (அமைத்ததை நீக்குதல்) கொடுங்கள்.

அப்புறம் டிபிஎம், அதாவது குறியாக்கச் சாவிகளைக் காக்கும் சிப். பயாஸின் செக்யூரிட்டி பகுதியில் 'கிளியர்' இருக்கும். ஒரு நிமிடம், கழற்றிய டிஸ்க்குகளில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) போட்டிருந்ததா?

நீலத்திரை:
ஜம்பர் வேலை செய்தது, மிக்க நன்றி! ஆமாம், பிட்லாக்கர் உண்டு. கணக்குப் பிரிவின் டிஸ்க்கை மட்டும் பிறகு ஒருமுறை படிக்க வேண்டியிருக்கலாம்.

சர்வர்அறை:
அப்படியானால் அந்த டிஸ்க்கின் 48 இலக்க ரெகவரி கீ கையில் வரும்வரை அந்த மெஷினின் டிபிஎம்மைத் தொடாதீர்கள். அழித்தபிறகு டிஸ்க்கை அதே பெட்டியில் மாட்டினாலும் தானாகத் திறக்காது. கீ இல்லையென்றால் அந்தத் தரவு போனதுதான். மற்ற மெஷின்களில் தாராளமாக அழிக்கலாம்.

நீலத்திரை:
நல்லவேளை கேட்டீர்கள். கீயைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, லினக்ஸ் யூஎஸ்பியில் பூட் செய்து இஎஃப்ஐவார்ஸ் கோப்புறையில் (யூஇஎஃப்ஐ அமைப்புகள் கோப்புகளாகத் தெரியும் இடம்) உள்ளதையெல்லாம் ஒரேயடியாக அழித்துவிடலாமா?

கம்பிமுனை:
வேண்டவே வேண்டாம். அப்படி மொத்தமாக அழித்ததில் சில மாடல்கள் திரும்ப பூட்டே ஆகாமல் போயிருக்கின்றன. அதனால்தான் லினக்ஸ் கெர்னல் 4.5 முதல் அங்கே உள்ள பெரும்பாலான கோப்புகளுக்கு அழிக்க முடியாதபடி பூட்டு போட்டிருக்கிறார்கள். பழைய பூட் பதிவுகளை இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கருவி கொண்டு ஒவ்வொன்றாக நீக்குங்கள். செக்யூர் பூட் சாவிகளை பயாஸிலேயே தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவரலாம். அசெட் டேக் புலத்தில் நிறுவனப் பெயர் இருந்தால் அதையும் காலி செய்யுங்கள்.

சர்வீஸ் டேக், மேக் முகவரி, ஃபர்ம்வேரில் பதிந்த விண்டோஸ் கீ மூன்றும் மெஷினுக்கே உரியவை, அவை இருக்கட்டும். மேலிடம் எழுத்தில் ஆதாரம் கேட்டால் அந்த மாடலுக்கான 'ஸ்டேட்மென்ட் ஆஃப் வொலட்டிலிட்டி' ஆவணத்தை டெல்லிடம் கேட்டு வாங்குங்கள். எந்தச் சிப்பில் என்ன தங்கும், பயனர் தரவு அதில் ஏறுமா என்று அட்டவணையாகவே இருக்கும்.

சர்வர்அறை:
ஆட்டோபைலட்டில் (நிறுவன மெஷின்களில் விண்டோஸைத் தானாக அமைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) பதிந்த மெஷின்கள் இருந்தால், போர்டில் எதை அழித்தாலும் அது விலகாது. பதிவு மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்பே உங்கள் இன்டியூன் (மைக்ரோசாஃப்டின் சாதன மேலாண்மை சேவை) அட்மினிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாங்குபவர் விண்டோஸ் நிறுவியதும் உங்கள் நிறுவனத்தின் லாகின் பக்கம்தான் வந்து நிற்கும்.