டெபியன் 12-இல் ஜீஃபோர்ஸ் 210: திரை அளவு கூடவில்லை, காணொளி திணறுகிறது

கேள்வி (உசிலம்பட்டி):
வணக்கம். எங்கள் ஊர் மாணவர்களின் மாலை வகுப்புக் கணினியில் என்விடியா நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ் 210 வரைகலை அட்டை (திரையில் படம் வரையும் அட்டை) உள்ளது. டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியபோது திரை கறுத்ததால், ‘நோமோட்செட்’ என்ற கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) அளவுருவைச் சேர்த்தோம். இப்போது திரை 1024×768-ஐத் தாண்டவில்லை, காணொளியும் திணறுகிறது. என்விடியா இயக்கியை (அட்டையை இயங்கவைக்கும் மென்பொருளை) நிறுவலாமா?

பதில் (மதுரை, அண்ணா நகர்):
வேண்டாம், ஐயா. அந்த அட்டைக்குரிய கடைசி இயக்கி வரிசையான 340-க்கு என்விடியா 2019 இறுதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. டெபியன் 12-இன் மென்பொருள் களஞ்சியத்திலும் அது இல்லை. கர்னலோடு வரும் கட்டற்ற இயக்கியான நூவோவே உங்களுக்குப் போதும். ஆனால், நோமோட்செட் இருக்கும்வரை நூவோ இயங்காது என்பதால், படம் வரையும் சுமை முழுவதும் சிபியுவின் மீது விழுகிறது. கணினியைத் தொடக்கும் நிரலான கிரப்பின் அமைப்புக் கோப்பிலிருந்து அச்சொல்லை நீக்கி, ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை இயக்கிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பதில் (மேலூர்):
முன்பே என்விடியா இயக்கியை நிறுவ முயன்றிருந்தால், அதன் எச்சங்கள் நூவோவைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கக்கூடும். முதலில் அவற்றை முழுமையாக அகற்றுங்கள். இவ்வட்டையில் வல்கன் என்ற வரைகலை இடைமுகம் இயங்காது. பாடக் காணொளிகளை 720பி அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்டவர்:
எச்சங்கள் இருந்தன, அகற்றினேன். நோமோட்செட்டையும் நீக்கியதும் 1920×1080 கிடைத்துவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி.