பெரியப்பா 80 – கோத்தகிரி குரூப்

மீனா: சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ஹால்ல படம் போட பெரியப்பா சரின்னுட்டார். என்ன படம்? இன்னைக்கே சொல்லுங்க

பிரவீன்: லிட்டில் மிஸ் சன்ஷைன். 2006. ஓட்டை மஞ்சள் வேன்ல ஆறு பேர், ஒருத்தருக்கொருத்தர் ஆகாது

குமார் சித்தப்பா: நம்ம வீட்டு வீடியோவா 😀

மீனா: கதையைச் சொல்லுடா. பெரியவங்க இருப்பாங்க

பிரவீன்: அப்பாக்காரர் ஒன்பது படியில ஜெயிக்கலாம்னு வகுப்பெடுக்கறவர். அவர் புஸ்தகத்தைப் போட ஆள் இல்ல. அண்ணன்காரன் பைலட் ஆகற வரைக்கும் வாயத் திறக்கமாட்டேன்னு சபதம், எல்லாம் நோட்டுல எழுதிக் காட்டுவான். மாமா உயிரை விடப் பாத்துட்டு ஆஸ்பத்திரில இருந்து வந்தவர். தாத்தாவ முதியோர் இல்லத்துல இருந்து போதைப் பழக்கத்துக்காக விரட்டி விட்டாங்க. இவங்க எல்லாரும் சேர்ந்து ஆலிவ்ங்கற 7 வயசுப் பொண்ணை ஆல்புகர்க்கில இருந்து கலிஃபோர்னியா அழகிப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும். அம்மா ஒருத்திதான் ஓரளவு நிதானம்

ராஜி அத்தை: தாத்தா நல்லாயிருவாரா

பிரவீன்: பாதி வழில போயிருவார் அத்தை. அந்த வேஷத்துக்குத்தான் ஆலன் ஆர்கினுக்கு ஆஸ்கார். கதை எழுதின மைக்கேல் ஆர்ன்ட்டுக்கும் ஒண்ணு

ராஜி அத்தை: சதாபிஷேகத்துக்கு சாவு படமா

ராஜி அத்தை: வேண்டவே வேண்டாம்

பிரவீன்: சிரிப்பு படம்தான். பிணத்த ஆஸ்பத்திரி ஜன்னல் வழியா

ராஜி அத்தை: 🙏🙏🙏

பிரவீன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமார் சித்தப்பா: வேனுக்கு என்ன கோளாறு

பிரவீன்: கிளட்ச். பார்ட்ஸ் வர நாளாகும்னுட்டு மெக்கானிக்கே வழி சொல்வான். முதல் ரெண்டு கியருக்குத்தான் கிளட்ச் வேணும், இறக்கத்துல நிறுத்துங்க, தள்ளி மூணுல போடுங்கன்னு. அப்புறம் ஒவ்வொரு தடவையும் எல்லாரும் தள்ளிட்டு ஓடி வந்து ஏறணும். மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு தனியா உக்கார ஒருத்தராலயும் முடியாது. படமே அந்த கிளட்ச்தான். ஹாரன் வேற நிக்காம அடிக்கும்

குமார் சித்தப்பா: அட, நம்ம ஜீப்புக்கும் இதே வைத்தியம் பண்ணிரலாமே. மேட்டுப்பாளையத்துல இருந்து வாடகைப் பாத்திரம் ஏத்தணும்ல

செல்வம் சித்தப்பா: மீனா, ஜீப் வச்சிருக்கறவர்கிட்ட சொல்லிரும்மா. கிளட்ச் கெடறது ரெண்டு விதம். ஒண்ணு, பெடலை மிதிச்சாலும் இன்ஜினும் கியரும் பிரியாது, கேபிள் அறுந்தா அப்படி. அதுக்குத்தான் தள்றது. வண்டி 20, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்தாத்தான் மூணாவது கியர்ல இன்ஜின் பிடிக்கும், கம்மின்னா குலுங்கி நின்னுரும். அப்புறம் ஆக்சிலேட்டரை விட்டு, சத்தம் இறங்கறப்ப லிவரை மெதுவா அழுத்தினா நாலாவது கிளட்ச் இல்லாமலே விழும். இன்னொண்ணு, பிளேட் தேஞ்சு வழுக்கறது. பெடல் சரியா இருக்கும், இன்ஜின் கத்தும், வண்டி ஏறாது, கருகின வாடை வரும். நம்ம ஜீப் அரவேணு ஏத்தத்துல பண்றது இதுதான். தள்ளினா ஸ்டார்ட் ஆகும், பாத்திரத்தோட மேல ஏறாது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் ஒண்ணா மாத்தணும். எப்படியும் கியர்பாக்ஸ் இறக்கியாகணும், பேரிங்ல காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. ஆயில் சீல் கசியுதான்னும் பாக்கச் சொல்லு. கசிஞ்சா புதுப் பிளேட்டும் நனைஞ்சு வழுக்கும்

குமார் சித்தப்பா: மீனா, இறக்கத்துக்காவது ஓட்டலாமான்னு கேளு

செல்வம் சித்தப்பா: மீனா, கூடாதுன்னு சொல்லு. படத்துல அவங்க ஊர் நேர் ரோடு. கொண்டை ஊசில ரெண்டாவது கியர் இல்லாம திரும்ப முடியாது. பிரேக் மிதியை லேசாக்கற பூஸ்டர் வச்ச வண்டின்னா, இன்ஜின் நின்னதும் ரெண்டு மூணு மிதியில பிரேக் பெடல் கல்லாயிரும்

மீனா: நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா சித்தப்பா

பிரவீன்: படத்துல அந்தப் பையன் ஒன்பது மாசம் பேசாம இருக்கான்

ராஜி அத்தை: ஒன்பது மாசம்தானா. இங்க தோட்டம் பிரிச்சதுல இருந்து ஓடுது

மீனா: சரி விடுங்க. புரொஜெக்டர் யாரு?

பிரவீன்: நான். 100 இஞ்ச் படத்துக்கு 11 அடி தள்ளி வைக்கணும், சோபாவ நகர்த்தணும். குளிர்ல கொண்டு வந்த உடனே ஆன் பண்ணக் கூடாது, லென்ஸ்ல நீர் பூத்துரும், அரை மணி நேரம் ஹால்ல சும்மா கிடக்கட்டும். ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம், உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகும், வயர் எடுத்துட்டு வரேன். கரண்ட் போனா விசிறி நின்னு பல்பு சூட்டுல வெந்துரும், யூபிஎஸ் வேணும். குமார் சித்தப்பா கம்ப்யூட்டர்ல இருக்கறதைக் கழட்டலாமா

குமார் சித்தப்பா: கழட்டலாம், பழசு. ரெண்டு நிமிஷம் தாங்கும்

பிரவீன்: போதும், விசிறி சுத்தி அணையற வரைக்கும்தான். தாத்தா வாய் சுத்தமில்ல, சப்டைட்டிலை அத்தைக்கு யாரும் வாசிச்சுக் காட்டாதீங்க

ராஜி அத்தை: நாகேஷ் படம் ஏதாவது போடுங்க. வெத்தலை எத்தனை கவுளி சொல்லட்டும்?

செல்வம் சித்தப்பா: மீனா, பிளேட் செட் கோயமுத்தூர்ல சொல்லி வச்சா வெள்ளிக்கிழமை காலைல பஸ்ல போட்டு விடுவாங்க. பிரிச்சு மாட்ட ஒரு முழுப் பகல் வேணும்

குமார் சித்தப்பா: பஸ் மத்தியானம் வந்தா? மீனா கேளு

ராஜி அத்தை: படத்துக்கு நான் இன்னும் சரி சொல்லல

மீனா: பாத்திரத்துக்கு ஒரு வேன் பேசி வைக்கறேன். வாடகை யார் குடுக்கறதுன்னு ரெண்டு சித்தப்பாவும் நேரா பேசிக்கங்க