வெளியூர் வாசிப்புக்குப் போகும் கலைஞர்கள் கவனத்துக்கு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தவில் கலைஞர், காரிமங்கலம்

வைகாசியில் முதன்முறையாக ஒரு மேளச் செட்டோடு (குழுவோடு) பதினோரு நாள் தொடர்ந்து வெளியூர் போகிறேன். ஓசூரில் தொடக்கம், பிறகு சேலம், நாமக்கல், கடைசியாக பெங்களூரு. இதுவரை மாவட்டத்துக்குள்ளேயே வாசித்து இரவே வீடு திரும்பியவன் நான். எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

நாதஸ்வரக் கலைஞர், பாப்பாரப்பட்டி

தம்பி, தவில் தோல், விரலில் மாட்டும் கூடு, நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். மாலை ஓசூரில் மாப்பிள்ளை அழைப்பு. மறுநாள் காலை 6 மணிக்குச் சேலத்துக்கு அப்பால் முகூர்த்தம். இரண்டு இடத்துக்கும் தாம்பூலம் வாங்கி, வாசிக்க ஒப்புக்கொண்டது நான்தான். ஊர்வலம் முடிந்து, சாப்பிட்டு, வேனில் ஏறும்போது மணி பன்னிரண்டரை. வேன் ஓட்டியவர் அன்று விடியற்காலையிலிருந்தே வேறொரு சவாரியில் இருந்தவர். அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கிருஷ்ணகிரி தாண்டியதும் எல்லோரும் தூங்கிவிட்டோம்.

தாளம் போடும் பையன் அலறிய சத்தத்தில்தான் விழித்தேன். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் மலை இறக்கம். கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்ற தூரத்தில் பாரம் ஏற்றிய லாரியின் பின்பக்கம். ஓட்டுநருக்குக் கண் செருகிவிட்டிருந்தது. பையனின் குரலில் அவர் திடுக்கிட்டுத் திருப்ப, வேன் ஓரத்துச் சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது. ஆறு பேருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. என் மடியிலிருந்து கீழே விழுந்த நாயனத்தின் (நாதஸ்வரத்தின்) அடிப்பக்க வாயான அணசு மட்டும் விரிந்துபோனது. அன்று முகூர்த்தத்துக்கு உடன் வாசிப்பவரின் பக்க நாயனத்தை வாங்கித்தான் வாசித்தேன். கெட்டிமேளத்தின்போது எங்கள் தவில்காரருக்குக் கை நடுங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை. இருபது ஆண்டு வாசித்த கை அது.

தொப்பூரில் சேலம் நோக்கி இறங்கும் பக்கம்தான் மோசம். நீண்ட சரிவில் பிரேக்கை மிதித்து மிதித்து லாரிகளுக்குப் பிரேக் பிடிக்காமல் போகிறது. நாம் விழித்திருந்தாலும் பின்னால் வரும் லாரி நிற்குமா என்பது நம் கையில் இல்லை. தூக்கக் கலக்கத்தோடு அங்கே இறங்குவது கூடவே கூடாது.

அதன் பிறகு நான் ஓசூர் மாலையையும் சேலம் காலையையும் சேர்த்து ஒப்புக்கொள்வதில்லை. தவிர்க்க முடியாவிட்டால் தருமபுரியில் அறை எடுத்து மூன்று மணி நேரமாவது ஓட்டுநரைப் படுக்க வைக்கிறேன். அறை வாடகையைத் தாம்பூலம் வாங்கும்போதே கல்யாண வீட்டாரிடம் பேசிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். வண்டி ஏறும்போது ஓட்டுநரிடம், “அண்ணா, நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?” என்று நான்தான் கேட்கிறேன். முன்னிருக்கையில் ஒருவர் முறை வைத்து விழித்திருக்கிறார். இன்னொன்று: வாசித்துக் களைத்த நம் ஆள் எவரும் வண்டி ஓட்டக் கூடாது. மூன்று மணி நேரம் தவிலைத் தோளில் சுமந்தவருக்கு ஸ்டீயரிங்கைக் கொடுப்பது பாவம்.

தவில் கலைஞர், அரூர்

பெரியவர் சொன்னது முழுக்க உண்மை. என் பங்குக்குத் தோலைப் பற்றிச் சொல்கிறேன்.

அரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலை முறுகிக்கொண்டு கணீரென்று பேசும். அதே தவில் இரண்டு நாள் கழித்து ஓசூரைத் தாண்டித் தளி பக்கம் மழைச்சாரலில் தொளதொளவென்று இறங்கிவிடும். அதனால் புது ஊரில் இறங்கியதும் நான் பார்ப்பது தோலைத்தான், அறையை அல்ல. ஒருமுறை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது தவிலைப் பூட்டிய வேனுக்குள் இறுக்கம் தளர்த்தாமல் விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது தோல் கீறியிருந்தது. இப்போதெல்லாம் வாசித்து முடித்ததும் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் உறையில் போடுகிறேன். வளையத்தோடு தயாராக ஒரு வலந்தலைத் தோல், அதை முடுக்கும் சாவி, இரண்டு கழி எப்போதும் கூட வரும்.

கூட்டைப் பெட்டியில் போடாதே தம்பி, சட்டைப் பையில் வைத்துக்கொள். தோலை இரவல் வாங்கலாம், கழியை வாங்கலாம். உன் விரலுக்குப் பசையும் துணியும் சுற்றிக் காயவைத்த கூடு இன்னொருவரிடம் கிடைக்காது. நாமக்கல்லில் கூட்டைத் தொலைத்துவிட்டு வெறும் விரலில் ஒரு முகூர்த்தம் வாசித்தேன். நகக்கண்ணில் இரத்தம் வந்தது. இரண்டு ஜோடி கொண்டு போ.

மெல்லிசைக் குழு கீபோர்டு கலைஞர், கிருஷ்ணகிரி

எங்கள் பாடு பணம்.

ஒரு ஊர்த் திருவிழாவில் 7 முதல் 12 மணி வரை என்று பேசினார்கள். 10 மணிக்குப் போலீஸ்காரர் வந்து ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். அவர் மீது தவறில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நள்ளிரவு வரை நீட்டிக்க அரசு குறிப்பிட்ட சில நாட்களுக்குத்தான் தளர்வு தர முடியும். விழாக்காரர்கள் அனுமதியே வாங்கவில்லை. ஆனால் “இரண்டு மணி நேரம் வாசிக்கவில்லையே” என்று எங்கள் தொகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். பதினான்கு பேர் நடுராத்திரியில் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். பாடகிகள் இருவரில் ஒருவர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்.

இப்போது ஒரு தாளில் நான்கு வரி எழுதி இருதரப்பும் கையெழுத்துப் போடுகிறோம். எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சாப்பாடும் தங்கலும் யார் பொறுப்பு, அனுமதி இல்லாமல் நிகழ்ச்சி நின்றால் தொகை முழுசாக உண்டு. பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுகிறோம். மீதித் தொகை கடைசிப் பாட்டுக்கு முன் கைக்கு வர வேண்டும். பந்தல் பிரித்த பிறகு விழாக்காரரைத் தேடிப் பிடிக்க முடியாது.

பம்பைக் கலைஞர், காவேரிப்பட்டணம்

மகாசிவராத்திரியை ஒட்டி எங்கள் ஊரில் அங்காளம்மன் கோயிலின் மயானக் கொள்ளைத் திருவிழா. அந்த நாளில் வாசிக்க வருகிறவர்கள் வண்டி கோயில் வாசல் வரை வரும் என்று நம்ப வேண்டாம். பம்பை மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்துதான் வர வேண்டும். சாமான் குறைவாக இருக்கட்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். செருப்பை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

நாதஸ்வரக் கலைஞர், ஓசூர்

தை முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் எங்கள் ஊருக்கு வருகிற சமவெளிக் கலைஞர்கள் முதல் பத்து நிமிடம் தவித்துப்போவார்கள். குளிரில் நாயனத்தின் சுருதி இறங்கும். மின் சுருதிப்பெட்டி இறங்காது. அரை மணி முன்னதாக வந்து, மண்டபத்துக்குள் ஒதுக்குப்புறமாக மூச்சு விட்டு நாயனத்தைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வாயில் பழகிய சீவாளிகள் குறைந்தது நான்கு வேண்டும். நேற்று வாங்கிய புதுச் சீவாளியை நம்பி மேடை ஏறாதீர்கள்.

பெங்களூருக்குப் போகிறவர்கள் வேனுக்குக் கர்நாடக வரி கட்டியாயிற்றா என்பதை முந்தின நாளே கேட்டுவிடுங்கள். மாநில எல்லையான அத்திப்பள்ளியில் நிறுத்தினால் முகூர்த்த நேரம் உங்களுக்காகக் காத்திருக்காது. விமானம் ஏறுகிறவர்களுக்கு இன்னொரு கஷ்டம்: விமான நிலையம் நகரின் வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர்ச் சாலை நகரின் தெற்கே நுழைகிறது. ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். மாலை விமானத்துக்குக் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் கிளம்பிவிடுவேன். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தோல் கருவியை இறங்கியதும் அறிவித்துவிட வேண்டும், மறைத்தால் அபராதம்.

தவில் கலைஞர், காரிமங்கலம்

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாரப்பட்டி ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் பயணத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். நான்காம் நாள் இரவு ஓசூர், ஐந்தாம் நாள் காலை சேலம். செட் தலைவரிடம் காட்டினேன். முதலில் “பார்த்துக்கொள்ளலாம்” என்றார். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே சேலம் வீட்டாருக்குப் போன் செய்தார். அந்தக் காலைக்கு அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு செட்டை ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார். அன்று இரவு ஆறு பேரும் காரிமங்கலத்தில் எங்கள் வீட்டில்தான் படுக்கிறார்கள். அம்மா களியும் கீரைக் குழம்பும் செய்வதாகச் சொல்லிவிட்டார்.

அரூர் அண்ணா, கூட்டுக்கு நீங்கள் எந்தப் பசை போடுகிறீர்கள்? நான் போடும் மைதாப் பசை மழையில் இளகிவிடுகிறது.